பெரிய எழுத்து டோரதி

தமிழில் இந்த வம்பே கிடையாது. 'அ' என்றால் ஒரே 'அ'தான். வரியின் தலையில் நின்றாலும் அதுதான், வாலில் நின்றாலும் அதுதான். இங்கிலீஷ்காரனுக்குத்தான் ஒரே எழுத்துக்குப் பெரிசு ஒன்று, சின்னது ஒன்று என்று இரண்டு வேஷம் தேவைப்பட்டது. அதை வைத்துக்கொண்டு அவன் என்ன சாதித்தானோ, புத்தூர் டோரதியின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டது அதுதான். யார் என்ன சமாதானம் சொன்னாலும் இதில் மாற்றுப் பேச்சு இல்லை.

1974ல் திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் டோரதி வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. அப்பா போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் அம்மா அற்புதம்மாள், அடுத்தடுத்து இரண்டு தங்கைகள். வேலைக்குப் பெயர் பஞ்ச் ஆப்பரேட்டர். ஆயிரக்கணக்கான தொழிலாளிகளின் வருகை, விடுப்பு, ஷிப்டு எல்லாவற்றையும் அட்டையில் ஓட்டை ஓட்டையாகக் குத்தித் தர வேண்டும். அந்த அட்டைகளைப் பெட்டி பெட்டியாக அடுத்த அறைக்கு அனுப்பினால் அங்கே இருக்கும் பெரிய கம்ப்யூட்டர் அவற்றை விழுங்கிக் கணக்குப் போடும். குத்துகிற மெஷினில் சின்ன எழுத்து என்பதே கிடையாது. எல்லாம் கொட்டை எழுத்து. அதனால் டோரதியின் விரலுக்கும் பன்னிரண்டு வருஷம் சின்ன எழுத்து என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. பஞ்ச் ரூம் எட்டுப் பெண்களில் அவளுக்கு இணையான கை கிடையாது. தப்பு விழுந்த அட்டையைப் படித்துப் பார்த்து மாய்ந்துபோவதெல்லாம் அவளிடம் இல்லை. தப்பா, உருவு, கிழி, கூடையில் போடு, அடுத்ததைக் குத்து.

அடுத்த அறையில் அந்தக் கம்ப்யூட்டரை ஓட்டியவர் அழகிரி. ஸ்ரீரங்கத்துக்காரர். கொள்ளிடக் கரையில் வாழையும் நெல்லும் போடுகிற குடும்பம். படித்த ஒரே பிள்ளை. காலையில் ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து ஜங்ஷன் வந்து, அங்கிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார். பேச்சு என்றால் காசு கொடுத்து வாங்க வேண்டும். அப்படிப்பட்ட மனுஷர் ஒருநாள் டோரதியின் பெட்டியைத் திருப்பி அனுப்பும்போது, கட்டின் கடைசியில் ஓர் அட்டையைச் செருகி வைத்திருந்தார். அதில் அவரே குத்திய ஒரே வார்த்தை. 'டீ?'

டோரதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் அட்டையை அப்படியே பெட்டியில் விட்டு, பெட்டியை மறுபடி அனுப்பிவிட்டாள். நாலு மணிக்கு அவர் கான்டீன் வாசலில் நின்றார். அதுதான் வழக்கமாகிப் போனது. சம்மதம் என்றால் அட்டையைப் பெட்டியிலேயே விட்டு வைப்பாள். முடியாது என்றால் கிழித்துக் கூடையில் போடுவாள். எந்தப் பக்கமும் வாயைத் திறக்க வேண்டியதில்லை, யாரும் முகம் வாட வேண்டியதும் இல்லை. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் குத்தி எத்தனையோ அட்டைகள் வந்தன. 'மழை வருது குடை இருக்கா.' 'அம்மாவுக்குக் காய்ச்சல் தேவலையா.' 1981ல் ஒன்று வந்தது. 'வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் வாங்க. வீட்டுல அம்மாவைப் பார்க்கலாம்.'

அதை டோரதி கிழித்தாள். பெரிய தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. வேதக்காரப் பெண் பெருமாள் வீட்டுப் படியேறினாள் என்று புத்தூரில் ஒரு வாய் பேசினால் போதும், மாதா கோயில் தெரு முழுக்கப் பேசும். அற்புதம்மாள் எப்போதும் சொல்வது ஒன்றுதான்.

"மூத்தவ கால் தடுக்கினா பின்னால வர்ற ரெண்டும் சேர்ந்து விழும். பார்த்து நட."

டோரதி பார்த்துத்தான் நடந்தாள். அழகிரியும் புரிந்துகொண்டார். மறுநாளே ஒன்றும் நடக்காத மாதிரி 'டீ?' வந்தது. அவளும் போனாள். "தங்கச்சிங்க ரெண்டு பேருக்கும் முடியணுங்க, அழகிரி சார்," என்று மட்டும் டம்ளரைப் பார்த்துச் சொன்னாள். "முடியட்டுங்க," என்றார் அவர். அவ்வளவுதான் பேச்சு. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் ஆறு வருஷம் உட்கார்ந்திருந்தார்கள் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

1986ல் பஞ்ச் ரூமுக்குக் காலம் முடிந்தது. மெஷின்களை லாரியில் ஏற்றினார்கள். மிச்சமிருந்த அட்டைகளைக் கிலோ கணக்கில் எடைக்குப் போட்டார்கள். டி.வி. பெட்டி மாதிரி திரையும் அதற்கு முன்னால் டைப்ரைட்டர் மாதிரிப் பலகையும் வந்தன. கூடவே மெட்ராஸிலிருந்து தைரியராஜ் என்று ஒரு மேனேஜர் வந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் வாயைத் திறந்தால் ஊசி.

"இந்த மெஷினுக்குப் பெரிய எழுத்து வேற ஆளு, சின்ன எழுத்து வேற ஆளு. ஒரே பேரைப் பெரிய எழுத்துல ஒரு தடவை, சின்ன எழுத்துல ஒரு தடவை அடிச்சீங்கன்னா, அது ரெண்டு ஃபைலுன்னு எடுத்துக்கும். பேருக்குப் பின்னாடி புள்ளி வச்சு வால் ஒண்ணு போடுறோமே, அதுக்கும் இதே கதைதான். இங்க எல்லாமே சின்ன எழுத்துல இருக்கணும். மனசுல வச்சுக்குங்க."

மனசில் வைத்துக்கொள்ளலாம். விரலில் எப்படி வைத்துக்கொள்வது? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள். உட்கார்ந்ததும் டோரதியின் சுண்டுவிரல் தானாகப் போய்ப் பெரிய எழுத்துப் பொத்தானை அமுக்கிவிடும். 1987 பிப்ரவரியில் இரண்டு நாள் வருகையை அவள் அப்படியே பெரிய எழுத்து ஃபைலில் ஏற்றிவிட்டாள். கணக்குப் போடுகிற புரோகிராம் சின்ன எழுத்து ஃபைலைத்தான் படித்தது. அறுபது பேர் வேலை பார்த்தும் வராதவர்கள் என்று பட்டியலில் ஏறிவிட்டார்கள். யூனியன் ஆட்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்கள்.

தைரியராஜ் எல்லார் முன்னாலும் அவளைக் கூப்பிட்டார். "இங்க ஒரு பெரிய எழுத்து டோரதி, ஒரு சின்ன எழுத்து டோரதின்னு ரெண்டு பேரு வேலை பார்க்குறாங்களா? ஒருத்தருக்குத்தான் இடம் இருக்கு." எல்லாரும் சிரித்தார்கள். 'பெரிய எழுத்து டோரதி' என்ற பட்டம் அன்றைக்கு ஒட்டியது. மார்ச் இரண்டாவது வாரம் கையில் ஒரு மெமோவும் வந்தது. அவள் பெயரில் நாற்பத்தொரு பெரிய எழுத்து ஃபைல்கள் குப்பையாகக் கிடக்கின்றன, சனிக்கிழமைக்குள் ஒன்றுகூட இருக்கக் கூடாது, இருந்தால் டெஸ்பாட்ச் செக்ஷனுக்கு மாற்றம். அங்கே போனால் கவருக்குப் பசை தடவிக்கொண்டே ரிட்டயர் ஆக வேண்டியதுதான்.

இந்த அவமானத்துக்கு நடுவிலும் டோரதி உள்ளுக்குள் ஒரு சந்தோஷத்தைப் பொத்தி வைத்திருந்தாள். ஜனவரியில் சின்னத் தங்கைக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. இனி யாரும் அவள் பின்னால் வரவில்லை, தடுக்கி விழுவதற்கு. முப்பத்தைந்து வயதில் முதல்முறையாக அவள் தனக்காக ஒன்று வேண்டினாள். அழகிரி கேட்டுவிட வேண்டும். கேட்டால் சரி என்று சொல்லிவிட வேண்டும். ஆனால் கேட்பதற்கு அட்டை இல்லை, பெட்டி இல்லை. தானாகப் போய்ப் பேச அவளுக்கு நா எழவில்லை. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப் பாதைக்கு முழங்காலிடும்போதெல்லாம் அதே வேண்டுதல்தான். அவருக்கு ஒரு வழியைக் காட்டு ஆண்டவரே, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வழி கிடைத்தது. அதுதான் பாவம்.

மார்ச் பதிமூன்று, வெள்ளிக்கிழமை. அழகிரிக்கு அந்த வாரம் இரண்டாவது ஷிப்டு. பகல் ஷிப்டில் கொடுத்த மெமோ அவருக்குத் தெரியாது. சாயங்காலம் ஆபீஸ் காலியானதும் உட்கார்ந்து ஒரு கடிதம் அடித்தார். பழைய அட்டை மாதிரியே எல்லாம் கொட்டை எழுத்தில். அதற்கு டோரதி என்று பெரிய எழுத்தில் பெயர் வைத்து, கை தவறி யாரும் அழித்துவிடாமல் ஒரு காவலும் போட்டு, அவளுடைய ஃபைல்களோடு கொண்டுபோய் வைத்தார். பெரிய எழுத்து என்றால் அவள் என்று பன்னிரண்டு வருஷமாக அவருக்குப் பழக்கம். அவள் பெயரில் சின்ன எழுத்தில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருந்தது, தினசரி வேலைக் குறிப்பு. அதற்கும் இதற்கும் குழப்பம் வராது என்று நினைத்திருப்பார். பிறகு வெள்ளிக்கிழமை வழக்கப்படி மெஷினில் இருந்த அத்தனையையும் டேப்பில் பதிந்து, அலமாரியில் அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போனார்.

சனிக்கிழமை அரை நாள். பன்னிரண்டரைக்குக் கம்பெனி பஸ். டோரதி பட்டியலைத் திரையில் வரவழைத்தாள். பெரிய எழுத்துப் பெயர்கள் எப்போதும் மேலே வரிசையாக நிற்கும், அழிக்க வசதியாக. அழித்துக்கொண்டே வந்தாள். நடுவில் டோரதி என்று ஒன்று. அவளே எத்தனையோ தடவை தன் பெயரில் கிறுக்கல் ஃபைல் போட்டவள்தான். அழி என்றாள். மற்றதற்கெல்லாம் வாயை மூடிக்கொண்டு அழித்த மெஷின் இதற்கு மட்டும் ஒரு கேள்வி கேட்டது. இதற்குக் காவல் போட்டிருக்கிறது, மீறி அழிக்கவா? அடியே டோரதி, ஒரு நிமிஷம் நின்று அதைத் திறந்து பார்த்திருந்தால் உன் தலையா போயிருக்கும்? தப்பு அட்டையைப் படித்துப் பழக்கமில்லாத கை அது. ஆமாம் என்று அமுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனாள். எண்ணிப் பார்த்தபோது நாற்பத்திரண்டு இருந்தது. மெமோ அடித்தவருக்குக் கணக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை அழகிரி காலை ஷிப்டுக்கு வந்தார். கொஞ்ச நேரம் தன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் மேஜைப் பக்கம் வந்து நின்றார்.

"சுத்தம் பண்ணிட்டீங்க போல."

"ஆமாங்க, அழகிரி சார். பெரிய எழுத்துல இருந்ததை எல்லாம் தொலைச்சு தலை முழுகிட்டேன். ஒண்ணுகூட விடல." மெமோவிலிருந்து தப்பித்த மகிழ்ச்சியில் அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"நல்லதுங்க," என்றார். நாலு மணிக்கு வந்து, "டீ குடிக்கலாமா?" என்று கேட்டார். வாயைத் திறந்து அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. டோரதிக்கு இறக்கை முளைத்துவிட்டது. இன்றைக்கு டீயோடு நின்றுவிட்டார், நாளைக்கு மற்றதையும் கேட்பார் என்று நினைத்தாள்.

கேட்கவில்லை. ஏப்ரல் போனது, மே போனது. டீக்குக் கூப்பிடுவதில் மட்டும் ஒரு குறையும் இல்லை. ஆவணி மாதம் மஞ்சள் தடவிய பத்திரிகையோடு வந்தார். மாமன் மகள் பொன்னுத்தாயைக் கட்டுகிறாராம். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டுச் சத்திரத்தில் முகூர்த்தம். "அவசியம் வரணுங்க," என்றார். டோரதி பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய், தலைவலி என்று சொல்லிக் குப்புறப் படுத்தவள், அற்புதம்மாள் என்ன என்ன என்று கேட்டும் எழுந்திருக்கவில்லை. தன்னிடம் என்ன குறை கண்டார் என்றுதான் அவளுக்குப் புரியவில்லை. வயதா, வேதமா, தங்கைகளைக் கரையேற்றிக் காய்ந்துபோன கையா. கண்ணாடியைப் பார்ப்பதைக்கூடக் கொஞ்ச நாள் விட்டுவிட்டாள்.

கல்யாணத்துக்குப் போனாள். எவர்சில்வர் குடம் கொடுத்தாள். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்குக் குடும்பங்கள் எல்லாம் தொழிற்சாலைக்கு வந்தபோது, பொன்னுத்தாய் நாலு மாதக் குழந்தையோடு வந்தாள். வெள்ளந்தியான பெண். நேரே டோரதியிடம் வந்து, "அக்கா, இவளைக் கொஞ்சம் வச்சுக்குங்க, நான் பொரிப் பொட்டலம் வாங்கிட்டு வந்துடுறேன்," என்று மடியில் போட்டுவிட்டுப் போனாள். குழந்தை அங்கேயே தூங்கிவிட்டது. அதை எழுப்ப மனமில்லாமல் டோரதி கால் மரத்துப்போகும்வரை உட்கார்ந்திருந்தாள்.

1989 ஜூலையில் லேபர் கோர்ட்டிலிருந்து ஒரு தாக்கீது வந்தது. தொழிலாளி ஒருவரின் வழக்குக்காக 1987 மார்ச் முதல் வாரத்து வருகைக் கணக்கு வேண்டும். புதிதாகச் சேர்ந்திருந்த ஆப்பரேட்டர் வஹீதா அலமாரியைத் துழாவி, மார்ச் பதிமூன்றாம் தேதி டேப்பை எடுத்து மாட்டி, அதிலிருந்ததைத் தனியாக ஓரிடத்தில் இறக்கினாள்.

"இறக்கியாச்சு மேடம். வேணுங்கிறதை எடுத்துக்கிட்டு மீதியை நீங்களே அழிச்சிடுறீங்களா? நான் சாப்பிட்டு வந்துடுறேன்," என்று சொல்லிவிட்டு அவள் கான்டீனுக்குப் போனாள். மணி ஒன்றே கால்.

டோரதி பட்டியலைப் பார்த்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் அழித்த குப்பை முழுவதும் மேலே வரிசையாக நின்றது. அவளுக்கே சிரிப்பு வந்தது. இப்போது அவசரம் இல்லாததால் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஃபைலின் பெயர், தேதி, எழுதியவர் யார் என்று மெஷின் பக்கத்திலேயே போட்டுக் காட்டும். எல்லாவற்றுக்கும் எதிரே எழுதியவர் டோரதி. பெரிய எழுத்தில் இருந்த டோரதிக்கு எதிரே மட்டும் அழகிரி.

நாற்பத்திரண்டாவது எது என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. திறந்தாள்.

'டோரதிக்கு. கார்டு இல்லாமப் போச்சு, அதான் இதுல எழுதுறேன். நேர்ல சொல்லத் தைரியம் இல்லை. சின்னத் தங்கச்சி கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன். எங்க வீட்டுல சண்டை வரும். உங்க வீட்டுலயும் வரும். வரட்டும். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல முடிச்சுக்கலாம். நீங்க மாதா கோயிலுக்குப் போங்க, நான் பெருமாளைப் பார்க்கப் போறேன். சாயங்காலம் ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்குத் திரும்பி வருவோம். உங்க அம்மாவும் நம்மகூடத்தான். நம்ம பழைய வழக்கம்தான், சம்மதம்னா இதை இப்படியே விட்டு வைங்க. இல்லைன்னா அழிச்சிடுங்க. திங்கட்கிழமை வந்து பார்ப்பேன். அழிச்சிருந்தா இதைப் பத்தி ஒருநாளும் கேட்க மாட்டேன். எப்பவும் போல டீ குடிக்கக் கூப்பிடுவேன். நீங்களும் எப்பவும் போல வரணும்.'

மூன்று தடவை படித்தாள். 'சுத்தம் பண்ணிட்டீங்க போல' என்று அவர் வந்து நின்றது நினைவுக்கு வந்தது. ஒண்ணுகூட விடல என்று இவள் பல்லைக் காட்டிக்கொண்டு சொன்னது நினைவுக்கு வந்தது. டோரதி புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். அவர் கேட்டிருக்கிறார். இவளிடம் ஒரு குறையும் காணாமல் கேட்டிருக்கிறார். பதில் சொன்னவள் இவள்தான், கேள்வியைப் படிக்காமலே.

சுவரில் மணி ஒன்றே முக்கால். இரண்டரைக்கு இரண்டாவது ஷிப்டு. இன்றைக்கு அழகிரிதான் வருகிறார். விட்டு வைத்தால் பார்த்துவிடுவார். பார்த்தால் புரிந்துகொள்வார், அந்த மனுஷருக்கு ஒரு வார்த்தைகூட விளக்க வேண்டியதில்லை. டோரதிக்கு ஆசை இல்லை என்று சொன்னால் பொய். இரண்டு வருஷம் கழித்தாவது சம்மதம் என்று ஒரு தடவை அவருக்குத் தெரிந்தால் போதும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. தெரிந்து? வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைத்துக்கொண்டு பொன்னுத்தாயின் முகத்தை எப்படிப் பார்ப்பார்? மடியில் தூங்கிய பிள்ளையின் கனம் டோரதியின் தொடையில் இன்னும் இருந்தது.

பெரிய எழுத்துப் பொத்தானைப் பார்த்து அமுக்கினாள். தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக, எல்லாம் பெரிய எழுத்தில் அடித்தாள். ஒரு பிழையும் இல்லை. இதற்குக் காவல் போட்டிருக்கிறது, மீறி அழிக்கவா என்று மெஷின் மறுபடியும் கேட்டது. இந்தத் தடவை டோரதி அந்தக் கேள்வியை முழுசாகப் படித்தாள். பிறகு ஆமாம் என்றாள்.

அழகிரி இரண்டரைக்குச் சரியாக வந்தார். மேஜையில் கிடந்த டேப்பின் மேல் ஒட்டியிருந்த சீட்டு அவர் கையெழுத்து. தேதியைப் பார்த்ததும் அவர் கை அதன்மேல் நின்றுவிட்டது.

"இதை இறக்கினீங்களா?"

"ஆமாங்க. கோர்ட்டுக்கு வருகைக் கணக்கு கேட்டாங்க."

"வேற... எல்லாம் சரியா வந்துச்சுங்களா?"

"வந்துச்சுங்க, அழகிரி சார். வேணுங்கிறதை எடுத்துக்கிட்டு மத்ததை அழிச்சாச்சு."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் கண் சிவந்திருந்ததைக் கவனித்தாரோ என்னவோ, எதுவும் கேட்கவில்லை. ஒருநாளும் கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தவர் அல்லவா.

"நல்லதுங்க," என்றார். டேப்பைக் கொண்டுபோய் அலமாரியில் பழைய இடத்திலேயே வைத்தார். திரும்பி வந்து, "டீ குடிக்கலாமா?" என்று கேட்டார்.

டோரதி எழுந்து போனாள். கான்டீனில் எதிரே உட்கார்ந்து, மகள் இப்போது சுவரைப் பிடிக்காமலே நடக்கிறாள் என்று அவர் சொன்னதைக் கேட்டாள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"செருப்பு வாங்கிட்டீங்களா, பாப்பாவுக்கு?" என்று கேட்டாள்.